குபெர்னெட்டிஸ் அப்கிரேடுக்கு முன் ஓஎஸ்ஸை மாற்ற வேண்டுமா: கணக்கெடுப்பு முதல் கடைசி நோடு வரை

கன்டெய்னர்களைப் பல மெஷின்களில் (நோடுகளில்) ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை அப்கிரேடு செய்ய உட்காரும்போது எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: "இந்த ஓஎஸ்ஸில் புதுப் பதிப்பு ஓடுமா?" யாராவது ஒருவர் ஓடும் என்பார், இன்னொருவர் ஓடாது என்பார். அதை நம்பி இறங்கி, பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நான் இப்போதெல்லாம் வேறு கேள்வியில் தொடங்குகிறேன்: எந்தப் பதிப்பில் நின்றுகொண்டு ஓஎஸ்ஸை மாற்றுவது? பழைய ஓஎஸ், புது ஓஎஸ் இரண்டிலும் ஓடக்கூடிய ஒரு குபெர்னெட்டிஸ் பதிப்பு அநேகமாக இருக்கும். அதைப் பாலம் பதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அது கையில் கிடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் பொறுமைக்கான வேலை.

சொந்த சர்வரிலோ விர்ச்சுவல் மெஷினிலோ குபெஅட்மின் கருவியால் கிளஸ்டர் நடத்துபவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கிளவுட் சேவையில் இருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அமேசானின் இகேஎஸ்ஸில் அமேசான் லினக்ஸ் 2 இமேஜ் 1.32-ஓடு நின்றுவிட்டது, 1.33-க்குப் போக நோடு இமேஜை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அங்கே நோடைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எடுப்பது சுலபம். சொந்த இரும்பில்தான் வரிசை தப்பினால் இரவு தூக்கம் போகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு உதிரி மெஷின் வேண்டும். விர்ச்சுவல் மெஷினாக இருந்தாலும் போதும். புது ஓஎஸ்ஸை முதலில் பரிசோதிக்கப் போவது அதில்தான்.

எல்லா நோடுகளுக்கும் கன்சோல் அணுகல் வேண்டும். ஓஎஸ் மாறும்போது நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயர் மாறிவிடுவது உண்டு. அப்போது எஸ்எஸ்எச் கைவிட்டுவிடும்.

எட்சிடி (கிளஸ்டரின் தரவுத்தளம்) ஸ்னாப்ஷாட்டும், கன்ட்ரோல் பிளேனில் (கிளஸ்டரை ஆளும் நோடுகளில்) உள்ள பிகேஐ (சான்றிதழ்) கோப்புறையின் நகலும் வேண்டும். ஸ்னாப்ஷாட்டை அதே நோடில் வைத்துவிட்டு அந்த நோடையே ஃபார்மேட் செய்தவரை எனக்குத் தெரியும். வெளியே எடுத்து வையுங்கள்.

2. நோடு நோடாகக் கணக்கெடுங்கள்

கிளஸ்டர் என்று மொத்தமாகப் பேசினால் விஷயம் பிடிபடாது, ஏனென்றால் ஓஎஸ் நோடுக்கு நோடு வேறாக இருக்கலாம். மூன்று வருடம் ஓடின எந்தக் கிளஸ்டரிலும் அவசரத்துக்குச் சேர்த்த ஒரு நோடு இருக்கும், அதில் வேறு ஓஎஸ் இருக்கும்.

குபெசிடிஎல் கட்டளையில் நோடு பட்டியலை "வைட்" வடிவத்தில் கேளுங்கள். குபெலெட் (ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபெர்னெட்டிஸ் ஏஜென்ட்) பதிப்பு, ஓஎஸ் பெயர், கர்னல் பதிப்பு, கன்டெய்னர் ரன்டைம் நான்கும் ஒரே வரியில் வரும். அதை அப்படியே ஒரு விரிதாளில் ஒட்டுங்கள். அப்புறம் அந்தப் பட்டியலில் வராத மூன்றை ஒவ்வொரு நோடிலும் நுழைந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, சிகுரூப் (சிபியு, மெமரியைப் பங்கிடும் கர்னல் வசதி) எந்தப் பதிப்பு என்பது. ஸ்டாட் கட்டளையை சிகுரூப் கோப்புறையின் மேல் ஓட்டிக் கோப்பு முறைமையின் வகையைக் கேளுங்கள். "சிகுரூப்2எஃப்எஸ்" என்று வந்தால் வி2. "டிஎம்பிஎஃப்எஸ்" என்று வந்தால் வி1. இந்த ஒரு வார்த்தைதான் இந்த வழிகாட்டியில் பாதி முடிவுகளைத் தீர்மானிக்கப் போகிறது.

இரண்டாவது, சிஸ்டம்டி (ஓஎஸ்ஸின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) எந்தப் பதிப்பு என்பது. மூன்றாவது, சிகுரூப் டிரைவர். குபெலெட்டின் அமைப்புக் கோப்பில் அது "சிஸ்டம்டி" என்று இருக்கிறதா, "சிகுரூப்எஃப்எஸ்" என்று இருக்கிறதா? ரன்டைமின் அமைப்புக் கோப்பிலும் அதே கேள்வி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். குபெஅட்மின் 1.22 முதல் சிஸ்டம்டி டிரைவரைத்தான் இயல்பாக வைக்கிறது. அதற்கு முன் பிறந்த கிளஸ்டர்களில் பழைய டிரைவர் இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

கன்ட்ரோல் பிளேனில் குபெஅட்மின் அப்கிரேடு பிளான் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி என்று வந்தது என்பார்கள் புதியவர்கள். அது ஓடுவது அந்த ஒரு மெஷினில். உங்கள் வொர்க்கர்களின் (வேலைகள் ஓடும் நோடுகளின்) கர்னலை அது எட்டிப் பார்ப்பதில்லை.

3. இலக்குப் பதிப்பு ஓஎஸ்ஸிடம் என்ன கேட்கிறது?

"லேட்டஸ்ட்" என்று எழுதாமல் இலக்கை எண்ணாக எழுதுங்கள். 1.33 போகிறவருக்கும் 1.35 போகிறவருக்கும் பதில் வேறு வேறு. வழியில் உள்ள கதவுகள் இவை.

1.24: டாக்கர்ஷிம் (டாக்கரைக் குபெலெட்டோடு இணைத்த பகுதி) நீக்கப்பட்டது. டாக்கரை நேரடி ரன்டைமாக வைத்திருப்பவர்கள் 1.23-இலேயே கன்டெய்னர்டிக்கு மாறியிருக்க வேண்டும். இது ஓஎஸ் பிரச்சினை போலத் தெரியும், ஆனால் இல்லை. ரன்டைமை மாற்றினால் தீர்ந்தது.

1.26: குபெலெட்டும் ரன்டைமும் பேசிக்கொள்ளும் சிஆர்ஐ இடைமுகத்தின் பழைய பதிப்பு போனது. கன்டெய்னர்டி 1.5-உம் அதற்கு முந்தியவையும் இதோடு வேலை செய்யாது; 1.6-ஆவது வேண்டும்.

1.31: சிகுரூப் வி1 பராமரிப்பு நிலைக்குப் போனது. ஓடும், ஆனால் புது அம்சம் எதுவும் வராது. வி1 நோடுகளில் குபெலெட் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை நிகழ்வையும் பதிவு செய்யும்.

1.35: இதுதான் சுவர். வி1 நோடில் குபெலெட் இயல்பாகவே எழும்ப மறுக்கிறது. குபெலெட் அமைப்பில் "ஃபெயில் சிகுரூப் வி1" என்ற விருப்பத்தைப் பொய் (ஃபால்ஸ்) என்று வைத்தால் இப்போதைக்கு எழும்பும். ஆனால் அதை ஒரு வழி என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். அடுத்த அப்கிரேடில் இதே இடத்தில் நிற்பீர்கள், அவகாசம் மட்டும் குறைந்திருக்கும்.

1.35-ஐத் தாண்டினால் இன்னொன்று காத்திருக்கிறது. கன்டெய்னர்டி 1.x தொடரை ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு அதுதான். அதன் பிறகு கன்டெய்னர்டி 2 வேண்டும். டாக்கர் தரும் சென்ட்ஓஎஸ் 7 தொகுப்புகளோ கன்டெய்னர்டி 1.6 தொடரோடு நின்றுவிட்டன. ஆகவே அந்த ஓஎஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது.

4. தடை, குறை, ஆபத்து: மூன்றையும் பிரித்து வையுங்கள்

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒரு சொல்லை எழுதுவேன்.

தடை என்றால் குபெலெட்டோ ரன்டைமோ எழும்பவே எழும்பாது. வி1 நோடில் 1.35 ஒரு தடை. ஓஎஸ் வேலை முதலில் நடந்தாக வேண்டும்.

குறை என்றால் ஓடும், ஆனால் ஒரு அம்சம் கிடைக்காது. நோடில் நெட்வொர்க் போக்குவரத்தை வழிநடத்தும் குபெ-பிராக்ஸியின் என்எஃப்டேபிள்ஸ் முறை 1.33-இல் நிலைபெற்றது, அதற்குக் கர்னல் 5.13 வேண்டும். பாடுகளுக்கான (பாட் என்பது கன்டெய்னர்கள் ஓடும் அலகு) யூசர் நேம்ஸ்பேஸுக்கு 6.3 வேண்டும். இவை உங்களுக்குத் தேவையில்லை என்றால் இதற்காக ஓஎஸ்ஸைத் தொட வேண்டாம்.

ஆபத்து என்றால் எல்லாம் ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது. சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. இது மேலாளரிடம் பேச வேண்டிய விஷயம். அப்கிரேடின் வரிசையை இது மாற்றாது.

கர்னல் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பது இந்த இடத்தில் வரும் பெரிய தவறு. ரெட் ஹேட் வகை ஓஎஸ்களில் பழைய எண்ணுக்குள் புதுத் திருத்தங்களைத் தைத்து வைப்பார்கள். ரெட் ஹேட் 8-இன் கர்னல் 4.18 என்று சொல்லும்; குபெஅட்மினின் முன்சோதனை 4.19-க்குக் கீழே என்று முணுமுணுக்கும். ஆனால் சீலியம் போன்ற நெட்வொர்க் பிளகின் 5.10 கேட்டுவிட்டு, கூடவே ரெட் ஹேட் 8-இன் 4.18-ஐ அதற்குச் சமம் என்று ஏற்றுக்கொள்கிறது. எண் ஒரு துப்பு மட்டும்தான். பரிசோதனை நோடில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

5. கர்னலை மட்டும் மாற்றினால் போதாதா?

இதை எல்லோரும் கேட்பார்கள். நானும் முயன்றேன்.

சென்ட்ஓஎஸ் 7-இன் சொந்தக் கர்னல் 3.10. அதன் மேல் வெளியிலிருந்து 5-ஆம் தொடர்க் கர்னல் ஒன்றைப் போட்டேன். மெஷின் எழும்பியது, கர்னல் எண்ணும் அழகாகத் தெரிந்தது. ஆனால் சிஸ்டம்டி அதே 219. சிகுரூப் மரத்தை ஆள்வது சிஸ்டம்டிதான். வி2-ஐ ஒழுங்காகக் கையாள 244 ஆவது வேண்டும் என்கிறது கன்டெய்னர்டிக்கு அடியில் கன்டெய்னரைத் தொடங்கும் ரன்சி. கர்னல் தயாராக இருந்து என்ன பயன், மரத்தை நட ஆள் இல்லை. அரை நாள் போனதுதான் மிச்சம். அங்கே முழு ஓஎஸ் மாற்றம் தவிர வேறு வழியில்லை.

ரெட் ஹேட் 8, ராக்கி 8 வகையறா கதை வேறு. இயல்பாக வி1-இல் எழும்பும், ஆனால் கர்னல் பூட் வரியில் சிஸ்டம்டிக்கான ஒற்றை சிகுரூப் விருப்பத்தைச் சேர்த்து ரீபூட் செய்தால் வி2-க்கு வந்துவிடும். குபெர்னெட்டிஸ் ஆவணம் வி2-க்குக் கர்னல் 5.8 அல்லது மேல் என்று சொல்கிறது, இங்கே 4.18 தைத்த கர்னல். ஓடும். இருந்தாலும் இதை ஒரு வருட அவகாசமாக மட்டும் பயன்படுத்துவேன். ராக்கி 8-க்கு 2029 மே வரை ஆதரவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: ஓஎஸ்ஸுக்கு ஆயுள் மிச்சம் இருந்தாலும், பூட் வரியைத் தொடாதவரை உங்கள் கிளஸ்டர் 1.34-ஓடு நிற்கும்.

உபுண்டு 20.04-உம் இயல்பாக வி1 தான், கர்னல் 5.4. அங்கே பூட் வரியோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் 22.04-க்குப் போய்விடலாம். அதில் கர்னல் 5.15, சிகுரூப் இயல்பாகவே வி2.

6. கிளஸ்டரோடு ஒட்டிக்கொண்டிருப்பவை

குபெர்னெட்டிஸ் சரி என்றாலும் கூட இருப்பவை ஒத்துழைக்க வேண்டும். நெட்வொர்க் பிளகின், ஸ்டோரேஜ் டிரைவர், ஜிபியு இருந்தால் அதன் டிரைவர் மூன்றுக்கும் இரண்டு பொருத்தம் பார்க்க வேண்டும்: இலக்கு குபெர்னெட்டிஸ் பதிப்போடு ஒன்று, புதுக் கர்னலோடு ஒன்று. பெரும்பாலானோர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லோரும் மறப்பது ஜாவா. வி2-க்கு நோடு மாறினதும் பழைய ஜாவா இமேஜ்களுக்குத் தங்கள் மெமரி எல்லை எங்கே எழுதியிருக்கிறது என்று தெரியாது. மெஷினின் மொத்த மெமரியையும் தனக்கென்று எண்ணி ஹீப்பை வளர்க்கும். கர்னல் வந்து கொல்லும். ஜாவா 8 என்றால் புதுப்பிப்பு 372, ஜாவா 11 என்றால் 11.0.16, அல்லது 15-உம் அதற்கு மேலும் இருந்தால் கவலை இல்லை. இதைக் கணக்கெடுப்பு விரிதாளில் ஒரு தனித் தாளாகப் போடுங்கள்: எந்த டெப்ளாய்மென்ட், எந்த ஜாவா, யார் பொறுப்பு. டெவலப்பர்கள் இமேஜை மாற்றித் தர நாள் பிடிக்கும், ஓஎஸ் வேலையை விட அதிகமாகவே. அதனால்தான் இதை முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

7. பாலம் பதிப்பைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் இரண்டு கோடுகள் போடுங்கள். மேல் கோட்டில் பழைய ஓஎஸ் தாங்கும் குபெர்னெட்டிஸ் பதிப்புகள், கீழ்க் கோட்டில் புது ஓஎஸ் தாங்குபவை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடம்தான் பாலம்.

வி1-இலிருந்து வி2 போகிறவர்களுக்கு அந்த இடம் தாராளமாக இருக்கிறது. குபெர்னெட்டிஸில் வி2 ஆதரவு நிலைபெற்றது 1.25-இல். வி1 இயல்பாக ஓடுவது 1.34 வரை. ஆக 1.25 முதல் 1.34 வரை எதில் நின்றாலும் ஒரே கிளஸ்டரில் வி1 நோடும் வி2 நோடும் கலந்து இருக்கலாம். ஒவ்வொரு குபெலெட்டும் தன் மெஷினைத்தான் பார்க்கிறது.

எடுத்துக்காட்டுக்கு மூன்று கிளஸ்டர்கள்.

சென்ட்ஓஎஸ் 7, குபெர்னெட்டிஸ் 1.28, இலக்கு 1.35. ஏற்கெனவே பாலத்தின் மேல் நிற்கிறீர்கள். 1.28-ஐத் தொடாமல் எல்லா நோடுகளையும் ராக்கி 9-க்கு மாற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு பதிப்பாக ஏழு படி ஏறுங்கள். அதிகாரபூர்வத் தொகுப்புக் களஞ்சியத்தில் 1.24 முதலான பதிப்புகள் தனித்தனியாக இருக்கின்றன, ஆர்பிஎம் ஓஎஸ் எண்ணைச் சார்ந்ததில்லை. ஆகவே ராக்கி 9-இல் 1.28-ஐ நிறுவ எந்த வித்தையும் வேண்டாம்.

உபுண்டு 22.04, குபெர்னெட்டிஸ் 1.30, இலக்கு 1.35. ஓஎஸ்ஸைத் தொட வேண்டியதில்லை. சிகுரூப் சோதனையை ஓட்டி, யாரும் பூட் வரியில் வி1-ஐத் திணிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நேராக அப்கிரேடுக்குப் போகலாம். பழைய டாக்கருக்காக யாரோ எப்போதோ திணித்திருப்பார்கள். இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

உபுண்டு 18.04, குபெர்னெட்டிஸ் 1.21. பாலத்துக்கு நான்கு படி கீழே இருக்கிறீர்கள். குபெஅட்மின் ஒரு நேரத்தில் ஒரு படிதான் ஏறும். 1.22-இலும் 1.25-இலும் பல பழைய ஏபிஐக்கள் போய்விட்டன. போதாக்குறைக்கு 1.22, 1.23 தொகுப்புகள் இருந்த பழைய களஞ்சியம் 2024 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த நிலையில் ஏறச் சொல்ல மாட்டேன். புது ஓஎஸ்ஸில் புதுக் கிளஸ்டர் கட்டி, வேலைகளை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஏறி முடிப்பதை விட இது சீக்கிரம் முடியும்.

8. வரிசை

ஓஎஸ்ஸையும் குபெர்னெட்டிஸையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஏதாவது உடைந்தால் எது காரணம் என்று தெரியாமல் இரண்டையும் சந்தேகப்பட வேண்டிவரும். நான் கடைப்பிடிக்கும் வரிசை: பரிசோதனை நோடு, வொர்க்கர்களின் ஓஎஸ், கன்ட்ரோல் பிளேன்களின் ஓஎஸ், ஒரு வாரம் சும்மா கவனிப்பு, பிறகு குபெர்னெட்டிஸ்.

வொர்க்கர் ஏன் முதலில்? ஒரு வொர்க்கர் கெட்டால் பாடுகள் வேறு இடத்துக்குப் போகும். புது ஓஎஸ்ஸின் கிறுக்குகளையெல்லாம் அங்கேயே கற்றுக்கொண்டுவிட்டு கன்ட்ரோல் பிளேனில் கை வைப்பது நல்லது.

எல்லா வொர்க்கர்களையும் மாற்ற நேரமே இல்லை, ஆனால் கன்ட்ரோல் பிளேன் 1.35 போயே ஆக வேண்டும் என்றால் ஒரு சலுகை உண்டு. குபெலெட், ஏபிஐ சர்வரை (கன்ட்ரோல் பிளேனில் கட்டளைகளை வாங்கும் பகுதியை) விட மூன்று பதிப்பு வரை பழையதாக இருக்கலாம். அதாவது ஏபிஐ சர்வர் 1.35-இல் இருக்கும்போது 1.32 குபெலெட் பழைய நோடில் ஓடலாம். தலைகீழாக முடியாது, குபெலெட் ஒருபோதும் ஏபிஐ சர்வரை முந்தக் கூடாது. இந்தச் சலுகையைக் கடன் மாதிரி பாருங்கள். அடுத்த பதிப்புக்குக் கன்ட்ரோல் பிளேன் போகும் முன் தீர்த்தாக வேண்டும்.

9. ஒரு வொர்க்கரை மாற்றும் முறை

இருக்கும் ஓஎஸ்ஸின் மேலேயே தாவுவதா, புதிதாக நிறுவுவதா? வொர்க்கருக்குப் புதிதாக நிறுவுவதே என் பழக்கம். சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து 9-க்கு இரண்டு தாவல் வேண்டும், ஒவ்வொன்றிலும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டு வரும்.

முதலில் சிபியு. ரெட் ஹேட் 9 வகையறா எக்ஸ்86-64-வி2 கட்டளைத் தொகுதி உள்ள சிபியு கேட்கிறது. நிஜ சர்வரில் பெரும்பாலும் பிரச்சினை வராது. விர்ச்சுவல் மெஷினில்தான் வரும்: ஹைப்பர்வைசரில் சிபியு வகை பழைய கேவிஎம்64 என்று இருந்தால் நிறுவும் கட்டத்திலேயே கர்னல் பதறி விழும். சிபியு வகையை "ஹோஸ்ட்" என்று மாற்றினால் சரியாகும். பழைய ரெய்டு கார்டுகள் சிலவற்றின் டிரைவர்களையும் ரெட் ஹேட் 8 காலத்திலேயே நீக்கிவிட்டார்கள். நிறுவல் யுஎஸ்பியைப் போட்டு டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே பழையதை அழியுங்கள்.

அடுத்து, பழைய நோடில் யாரோ என்றோ செய்து மறந்த அமைப்புகள். புது ஓஎஸ் அவற்றோடு வராது. ஸ்வாப் அணைக்கப்பட வேண்டும். நிறுவி அதைத் தானாக உருவாக்கிவிடும், குபெலெட் அதைப் பார்த்து எழும்ப மறுக்கும். ஓவர்லே, பிரிட்ஜ் நெட்ஃபில்டர் மாட்யூல்களும் ஐபி ஃபார்வர்டிங்கும் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டும். ஃபயர்வால்டி புது நிறுவலில் ஓடிக்கொண்டிருக்கும்: குபெலெட்டின் 10250 போர்ட்டும் பிளகினின் விஎக்ஸ்லேன் போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். ஃபிளானலுக்கு இது 8472, காலிகோவுக்கு 4789. பிளகினுக்கு இன்டர்ஃபேஸ் பெயரை நேரடியாக எழுதிக் கொடுத்திருந்தால் புதுப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு கன்டெய்னர்டி. டாக்கரின் தொகுப்பில் வரும் அமைப்புக் கோப்பில் சிஆர்ஐ பிளகின் முடக்கப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் இணைப்புக் கட்டளை ரன்டைம் கிடைக்கவில்லை என்று நிற்கும். சரி என்று இயல்பு அமைப்பைப் புதிதாக உருவாக்கினால், 1.x தொடரில் சிஸ்டம்டி சிகுரூப் விருப்பம் பொய் என்று இருக்கும்.

இதில் நானே விழுந்திருக்கிறேன். மூன்று கன்ட்ரோல் பிளேன், எட்டு வொர்க்கர் உள்ள ஒரு கிளஸ்டரில் முதல் ராக்கி 9 நோடைச் சேர்த்தேன். ஒரு நிமிடத்தில் "ரெடி" என்று வந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் குபெ-பிராக்ஸி பதினோரு முறை ரீஸ்டார்ட் ஆகியிருந்தது, நெட்வொர்க் பிளகின் பாடும் கூடவே. பாடின் லாகில் பிழை என்று எதுவும் இல்லை. ஒழுங்காக எழும்பும், இரண்டு மூன்று நிமிடம் ஓடும், யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நிற்கும். ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், எஸ்இலினக்ஸைச் சந்தேகப்பட்டேன், பிளகினை இரண்டு முறை மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால் குபெலெட் சிஸ்டம்டி டிரைவரில், கன்டெய்னர்டி இன்னொன்றில். அந்த ஒரு வரியை மெய் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் அடங்கியது. அதிலிருந்து, "ரெடி" என்று பார்த்ததோடு நகர மாட்டேன். டீமன்செட் (ஒவ்வொரு நோடிலும் ஒன்று ஓடும்) பாடுகளின் ரீஸ்டார்ட் எண்ணிக்கை அரை மணி நேரம் மாறாமல் இருக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. புது நோடு இணையும்போது குபெலெட் அமைப்பைக் கிளஸ்டரில் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் கன்ஃபிக்மேப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதில் பழைய சிகுரூப்எஃப்எஸ் டிரைவர் இருந்தால் புது நோடுக்கும் அதுவே வரும். முதல் நோடைச் சேர்க்கும் முன் அந்தக் கன்ஃபிக்மேப்பைத் திறந்து பாருங்கள்.

குபெலெட், குபெஅட்மின் இரண்டும் கிளஸ்டரின் தற்போதைய பதிப்பாகவே இருக்கட்டும். பிறகு இணையுங்கள், டோக்கன் 24 மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதால் அன்றைக்குப் புதிதாக ஒன்றை எடுங்கள். இணைந்த உடனே நோடைக் கார்டன் செய்யுங்கள், அதாவது புது வேலை எதுவும் வராமல் அடையுங்கள். டீமன்செட்டுகள் மட்டும் வந்து உட்காரும். அவை அமைதியாக இருந்தால், முக்கியமில்லாத ஒரு ஜாவா பாடை அங்கே அனுப்பி ஒரு நாள் விடுங்கள்.

எல்லாம் சரி என்றால் பழைய நோடை டிரெயின் செய்யுங்கள், அதாவது அதிலுள்ள பாடுகளை வேறு நோடுகளுக்கு வெளியேற்றுங்கள். அதற்கு முன் அதில் லோக்கல் வால்யூமோ ஹோஸ்ட்பாத்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரெயின் அந்தத் தரவைத் தூக்கிக்கொண்டு போகாது, ஃபார்மேட் செய்தால் போனதுதான். டிரெயின் நகராமல் நின்றால் பெரும்பாலும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (ஒரே நேரத்தில் எத்தனை பிரதி குறையலாம் என்ற வரம்பு) தடுக்கிறது. ஒற்றைப் பிரதி வைத்துக்கொண்டு "ஒன்றாவது எப்போதும் வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். கட்டாயப்படுத்தாமல் பிரதியை இரண்டாக்குங்கள். அதே பெயரில் மெஷினைத் திரும்பச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பழைய நோடு பதிவை முதலில் நீக்கிவிடுங்கள்.

10. கன்ட்ரோல் பிளேன்

ஒரு நேரத்தில் ஒன்று. மூன்று உறுப்பினர் எட்சிடியில் ஒன்றை எடுத்தால் மிச்சம் இரண்டு, அவற்றில் ஒன்று சாய்ந்தால் பெரும்பான்மை போய்விடும். ஆகவே ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகே ஒவ்வொன்றையும் தொடுங்கள்.

மெஷினை அணைத்து ஃபார்மேட் செய்வதற்கு முன் குபெஅட்மின் ரீசெட் ஓட்டுங்கள். அது எட்சிடி உறுப்பினர் பட்டியலிலிருந்து தன்னை நீக்கிக்கொள்ளும். இதை விட்டுவிட்டு நேராக ஃபார்மேட் செய்தால் செத்த உறுப்பினர் பட்டியலில் தங்கிவிடும். புது நோடு இணையும்போது எட்சிடி சோதனையில் நின்றுபோகும். அப்படி ஆகிவிட்டால் உயிரோடு இருக்கும் நோடிலிருந்து கையால் நீக்க வேண்டும். எப்படியானாலும் அடுத்த நோடுக்குப் போகும் முன் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இணைப்பதற்கான சான்றிதழ்ச் சாவி இரண்டு மணி நேரம்தான் செல்லும். ஓஎஸ் நிறுவல் முடிந்த பிறகு அதை உருவாக்குங்கள். முன்கூட்டியே எடுத்து வைத்தால் காலாவதியாகிவிடும்.

ஒரே ஒரு கன்ட்ரோல் பிளேன், அதுவும் எல்லா கன்ட்ரோல் பிளேன்களுக்கும் பொதுவான ஒரு முகவரி வைக்காமல் உருவாக்கியது என்றால் இரண்டாவதைச் சேர்த்துவிட்டு முதலாவதை நீக்கும் வழி அடைபட்டிருக்கும். அங்கே ஸ்னாப்ஷாட்டையும் பிகேஐ கோப்புறையையும் வைத்துத்தான் மீட்டெடுக்க வேண்டும். இரண்டு முறை உதிரி மெஷினில் ஒத்திகை பார்க்காமல் நிஜத்தில் செய்யாதீர்கள்.

11. முடிவை எழுதி வையுங்கள்

ஓஎஸ் மாற்றம் வேண்டாம் என்பதும் ஒரு முடிவு. அதற்கும் ஒரு பதிவு வேண்டும். நோடுக்கு ஒரு வரி போதும். என் விரிதாளிலிருந்து இரண்டு வரிகள்:

வொர்க்கர் 3: ராக்கி 8, சிகுரூப் வி1, குபெலெட் 1.31, கன்டெய்னர்டி 1.7. இலக்கு 1.33. தடை இல்லை. ஓஎஸ் இப்போது வேண்டாம். 1.35-க்கு முன் ராக்கி 9 கட்டாயம்.

வொர்க்கர் 7: சென்ட்ஓஎஸ் 7, சிகுரூப் வி1, சிஸ்டம்டி 219. பூட் வரி உதவாது. 1.31-இல் நின்று ராக்கி 9. ஜாவா 8 இமேஜ் இரண்டு பாக்கி, பில்லிங் டீமிடம் கேட்டாகிவிட்டது, பதில் வரவில்லை.